படித்தது எங்கே போகிறது? நினைவு, மறதி, குறிப்பேடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்து மாடியில், அரசு வேலைக்கான குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பேன். பாடம் நடத்துவதில்லை. கேள்வி கேட்பேன், அவ்வளவுதான். ஒன்பது வருடமாக அவர்கள் என்னைத் திருப்பிக் கேட்டதில் அடிக்கடி வந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். உளவியல் பட்டம் எதுவும் என்னிடம் கிடையாது. படித்ததையும் பார்த்ததையும் பட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

நாலு தடவை படித்தேன் சார். ஹாலில் உட்கார்ந்ததும் ஒன்றுமே வரவில்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவா?

இருக்காது. நாலு தடவை படித்ததுதான் சிக்கல்.

என் தொழிலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கோயில் பத்திரிகை அச்சுக்கு வந்தது. நானே நாலு முறை பார்த்தேன். நாள், நட்சத்திரம், உபயதாரர் பெயர்கள், இனிஷியல் எல்லாம் சரி. ஆயிரம் பிரதி ஓடி முடிந்து, கட்டுப் பிரித்த பையன் சிரித்தான். உச்சியில், இருப்பதிலேயே பெரிய எழுத்தில், ‘கும்பாஷேகம்’ என்று இருந்தது. ‘பி’ இல்லை. நாலு முறையும் என் கண் அங்கே போயிருக்கிறது. நாலு முறையும் இல்லாத ‘பி’யை நானே போட்டு வாசித்திருக்கிறேன். பழகின பக்கத்தைக் கண் வாசிப்பதில்லை, தாண்டிப் போகிறது. அதனால்தான் முக்கியமான வேலை என்றால் ஒருவர் மூலப்படியை உரக்க வாசிக்க, இன்னொருவர் அச்சுப்படியைப் பார்ப்போம்.

படிப்பிலும் இதுதான் நடக்கிறது. மூன்றாவது முறை படிக்கும்போது வரி சரளமாக ஓடுகிறது. ‘இது தெரியும்’ என்று மனசு சொல்கிறது. தெரிந்தது பாடம் இல்லை, பக்கத்தின் முகம். எதிர்வீட்டுக்காரரைத் தினம் பார்க்கிறோம். அவர் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி.

2006-இல் அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு பேர் இதை அளந்து பார்த்தார்கள். சூரியன், கடல் நீர்நாய் என்று சாதாரணமான சின்னக் கட்டுரைகள்தான். ஒரு கூட்டம் நாலு சுற்றும் படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு சுற்று படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் கட்டுரையைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால்: அவர்களுக்கு 83 சதவீதம், மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை மாறிவிட்டது. படித்தவர்களிடம் 40 மிஞ்சியிருந்தது; எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதில் எனக்கு உறைத்த செய்தி வேறு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது நாலு முறை படித்த கூட்டம்தான்.

ஆக, புத்தகத்தை மூடுங்கள். மூடியபின் என்ன வருகிறதோ அதுதான் உங்கள் கையிருப்பு.

ஒரே நாளில் எழுபது சதவீதம் மறந்துவிடும் என்று ஒரு வளைகோட்டுப் படம் எல்லா இடத்திலும் சுற்றுகிறதே, உண்மையா?

படம் உண்மை. அதற்குக் கீழே எழுதும் வியாக்கியானம்தான் அரைகுறை.

அந்தக் கோடு ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வருகிறது. அர்த்தமே இல்லாத அசைகளை அவரே ஆயிரக்கணக்கில் உருவாக்கி, நிமிடத்துக்கு 150 என்று தாளம் தப்பாமல் படித்து மனப்பாடம் செய்தார். பிறகு இடைவெளி விட்டு அதே பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்து, இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமானது என்று பார்த்தார். 20 நிமிடத்தில் 58 சதவீதம் மிச்சம், ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21. சோதனை செய்தவரும் அவர்தான், சோதிக்கப்பட்டவரும் அவர்தான். 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் இதே வேலையை இன்னொரு ஆள் எழுபது மணி நேரம் உட்கார்ந்து செய்து பார்த்தபோதும் ஏறக்குறைய அதே கோடுதான் வந்தது.

கவனிக்க வேண்டியது இரண்டு. அவர் அளந்தது திரும்பக் கற்கும் நேரத்தை. ஒன்றும் வாயில் வராத நிலையிலும் உள்ளே ஏதோ மிச்சம் இருக்கிறது, அடுத்த முறை வேலை சுளுவாகிறது என்பதும் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது, அவை பொருளற்ற அசைகள். பொருள் புரிந்த பாடம் இவ்வளவு வேகமாக ஓடாது. ஆனால் சரிவின் வடிவம் நமக்கும் பொருந்தும்: முதல் நாளில் செங்குத்து, அப்புறம் மெதுவாக.

அப்படியென்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்?

தேர்வு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2008-இல் 1,350-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், இரண்டாம் முறை படித்ததிலிருந்து தேர்வு ஒரு வாரம் தள்ளி இருந்தால் இரண்டு படிப்புக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி நன்றாக வேலை செய்தது. 35 நாள் தள்ளி என்றால் சுமார் 11 நாள். ஒரு வருடம் தள்ளி என்றால் சுமார் மூன்று வாரம். கொஞ்சம் மறக்க விட்டு, கஷ்டப்பட்டு இழுத்து எடுக்கிற நேரம்தான் சரியான நேரம். இந்தக் கணக்கை நோட்டில் போட்டு வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம். அதற்குப் பெட்டி இருக்கிறது.

அந்த ஸ்வீட் பெட்டி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்களேன்.

கேள்விச் சீட்டுகளைப் பெட்டியில் அறை அறையாக வைத்துத் திருப்பிப் பார்க்கும் முறை அது. 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதிப் பரவலாக்கியது. என் பெட்டி ஒரு கிலோ இனிப்பு வந்த அட்டைப்பெட்டி. நடுவில் நாலு தடுப்பு செருகி ஐந்து அறை ஆக்கியிருக்கிறேன். சீட்டுகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? அந்தக் கும்பாஷேகப் பத்திரிகைகள்தான். ஆயிரம் பிரதி வீணாகப் போனதில் முந்நூறை நான் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். நல்ல கனத்த அட்டை, ஒருபக்கம் வெறுமை. நாலாக வெட்டினால் கைக்கு அடக்கமான சீட்டு. இப்போது பிள்ளைகள் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொள்கிறார்கள். மணமக்கள் பெயருக்குப் பின்னால் மௌரியப் பேரரசு இருக்கும்.

முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. புதுச் சீட்டு எல்லாம் முதல் அறையில். முதல் அறையைத் தினமும் எடுத்துப் பார்க்க வேண்டும். விடை சரியாகச் சொன்னால் சீட்டு இரண்டாம் அறைக்குப் போகும். அதை இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மூன்றாம் அறை வாரம் ஒருமுறை, நாலாவது இரண்டு வாரம், ஐந்தாவது மாதம் ஒருமுறை. தவறாகச் சொன்னால் எந்த அறையில் இருந்தாலும் மறுபடி முதல் அறைக்கே வர வேண்டும். ஐந்தாம் அறைச் சீட்டு முதல் அறைக்கு வரும்போது ஒரு வயிற்றெரிச்சல் வரும். பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்த மாதிரி. அந்த எரிச்சலிலேயே அது மனசில் தங்கிவிடும் என்பது என் அனுபவம்.

பெட்டியைவிட முக்கியம் சீட்டில் என்ன எழுதுகிறோம் என்பது. ஒரு பெண் கொண்டுவந்த முதல் சீட்டில், ‘பூனா ஒப்பந்தம் பற்றி எழுதுக’ என்று இருந்தது. பின்னால் எறும்பு ஊர்ந்த மாதிரி பதினான்கு வரி. இதற்குச் சரி, தப்பு என்று எப்படித் தீர்ப்பு சொல்வது? பாதி சொன்னால் எந்த அறைக்குப் போகும்? இருவரும் உட்கார்ந்து அதை உடைத்தோம். எந்த நாள்? 1932 செப்டம்பர் 24. எந்த அறிவிப்பு அதற்குக் காரணம்? பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டின் வகுப்புவாரித் தீர்ப்பு. அந்த அறிவிப்பு வந்தது எப்போது? அதே ஆண்டு ஆகஸ்ட் 16. தனி வாக்காளர் தொகுதி போய் என்ன வந்தது? பொதுத்தொகுதியில் ஒதுக்கீட்டு இடங்கள். அப்போது காந்தி எங்கே இருந்தார்? எரவாடா சிறையில். ஒரு சீட்டு ஐந்தானது. உடைக்கும்போதுதான் அந்தப் பெண், “சார், ரெண்டுக்கும் நடுவுல ஆறு வாரம்கூட இல்லையே, அதுக்குள்ள உண்ணாவிரதமும் முடிஞ்சுடுச்சா?” என்றாள். பதினான்கு வரியை எழுதியபோது அவளுக்கு அது தோன்றவில்லை.

செயலி இருக்கும்போது அட்டை எதற்கு?

செயலி தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆன்கி’ என்று ஒன்று இருக்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். மனப்பாடம் என்பதற்கான ஜப்பானியச் சொல்தான் அந்தப் பெயர். எந்தச் சீட்டு எப்போது வர வேண்டும் என்பதை அதுவே கணக்குப் போடும். ஆனால் பத்தாயிரம் சீட்டு உள்ள தொகுப்பை யாரிடமிருந்தோ இறக்கிக்கொண்டு, பதினோராம் நாள் கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சீட்டு எழுதுவதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது. அதைக் கடன் வாங்க முடியாது.

குறிப்பைக் கையால் எழுதுவது நல்லதா, லேப்டாப்பில் தட்டுவது நல்லதா?

2014-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கையெழுத்துக்கு ஓட்டுப் போட்டது. தட்டுகிறவர்கள் வேகமாகத் தட்ட முடிவதால் சொன்னதை அப்படியே இறக்குகிறார்கள், எழுதுகிறவர்களால் அது முடியாது, சுருக்கியாக வேண்டும், சுருக்கும்போது யோசிக்கிறார்கள் என்பது அதன் வாதம். பேப்பர்களில் பெரிதாக வந்தது. 2019-இல் வேறு சிலர் அதையே திரும்பச் செய்தபோது வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று வரவில்லை. எனவே பேனாவா கீபோர்டா என்ற சண்டையை நான் விட்டுவிட்டேன்.

நான் பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றுதான்: எழுதும்போது புத்தகம் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? திறந்து வைத்து எழுதினால் அது நகல் எடுப்பது. ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு ரூபாயில் முடிகிற வேலை. ஒரு பகுதியைப் படித்து, மூடி, மூன்று வரி எழுதி, பிறகு திறந்து, தப்பை வேறு மையில் திருத்துங்கள். எங்கள் மேசையில் சிவப்பு மையில்தான் திருத்துவோம். ஒரு நோட்டில் சிவப்பே இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஹைலைட்டர்?

கை சும்மா இல்லாமல் இருக்க உதவும். 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்ட ஒரு விரிவான மதிப்பீட்டில், கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் கடைசி வரிசையில் நின்றன. தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும்தான் முதல் வரிசை.

மனப்பாடம் செய்வது மட்டமான படிப்பு, புரிந்து படிக்க வேண்டும் என்கிறார்களே?

இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் மற்றவரைச் சரியாகக் கேட்பதில்லை. புரியாமல் உருப்போட்டால் ஒரு சொல் மாற்றிக் கேட்டாலும் தடுக்கி விழுவீர்கள். அதே சமயம் மண்டையில் ஒன்றுமே இல்லாமல் எதைப் புரிந்துகொள்வது? புரிதல் என்பதே புதுசை, ஏற்கெனவே இருப்பதோடு கட்டுவதுதான்.

நம்மவர்கள் மனப்பாடத்துக்கு எவ்வளவு பொறியியல் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இலக்கணத்தில் ஈரசைச்சீர் வாய்பாடு படித்திருப்பீர்கள். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா. ‘தேமா’ என்ற சொல்லை அலகிட்டால், அதாவது அசை அசையாகப் பிரித்தால், அதுவே நேர் நேர். ‘புளிமா’வை அலகிட்டால் நிரை நேர். விதியின் பெயருக்குள்ளேயே விதி உட்கார்ந்திருக்கிறது. மறந்தால் பெயரைப் பிரித்துப் பார்த்து மீட்டுக்கொள்ளலாம். இப்படி ஒரு கடவுச்சொல் எனக்கு யாராவது வைத்துக் கொடுத்தால் தேவலை.

இலக்கணம், மருத்துவம், சோதிடம், கணக்கு எல்லாவற்றையும் செய்யுளில் வைத்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை. ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க’ என்ற இடத்தில் ஒருவன் ஞாபகப் பிசகாக ‘நடக்க’ என்று சொல்லிவிட்டான் என்று வையுங்கள். கற்க, நிற்க என்ற எதுகை போய்விடும். அதோடு ‘கற்றபின்’ விளச்சீர். அடுத்து நேரசை வர வேண்டிய இடத்தில் நிரையசை வந்து, தளையும், அதாவது சீருக்கும் சீருக்கும் உள்ள கட்டும் தட்டும். காதே பிழையைப் பிடித்துவிடும். உரைநடையில் ஒரு சொல்லை மாற்றினால் யாருக்குத் தெரியும்? மெய்ப்புத் திருத்துகிறவன் இல்லாத காலத்தில் யாப்புதான் அந்த வேலையைப் பார்த்திருக்கிறது. (எனக்குப் பொறாமைதான். அதற்குச் சம்பளமும் கிடையாது, கும்பாஷேகமும் விடாது.)

திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ராகம் போட்டுச் சொன்னதும் இந்த வகை. அதில் பின்ன வாய்பாடும் உண்டு: முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, காணி என்றால் 80-இல் ஒரு பங்கு, மா என்றால் 20-இல் ஒரு பங்கு. அந்தப் பிள்ளை அளவையும் கூலியையும் மனசிலேயே கணக்கிடும். பாட்டாகப் போனது கணக்காகத் திரும்பி வந்தது.

சதாவதானிகள் நூறு விஷயத்தை ஒரே நேரத்தில் நினைவில் வைத்தார்களாமே. பயிற்சி செய்தால் நமக்கும் வருமா?

நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். அவதானம் என்றால் இப்படி இருக்கும்: முதுகில் ஒருவர் கல்லோ நெல்லோ போட்டுக்கொண்டிருப்பார், அதை எண்ண வேண்டும். ஒரு பக்கம் மணியோசை, அதையும் எண்ண வேண்டும். ஒருவர் ஈற்றடி கொடுப்பார், வெண்பா பாட வேண்டும். இன்னொருவர் ஏதோ ஒரு தேதிக்குக் கிழமை கேட்பார். நடுவில் வம்புக்கென்றே ஒருவர் பேச்சுக் கொடுப்பார். கடைசியில் எல்லாவற்றுக்கும் விடை சொல்ல வேண்டும். எட்டு என்றால் அட்டாவதானம், பத்து என்றால் தசாவதானம், பதினாறு என்றால் சோடசாவதானம், நூறு என்றால் சதாவதானம்.

வருமா என்றால், எதைப் பயில்கிறோமோ அது வரும். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சாதாரண மாணவர் ஒருவர், ஒருமுறை கேட்ட இலக்க வரிசையை அப்படியே சொல்லும் பயிற்சியை 230 மணி நேரம் செய்தார். ஆரம்பத்தில் ஏழு இலக்கம், முடிவில் 79. இந்த ஆய்வு 1980-இல் வெளியானது. அவர் ஓட்டக்காரர். 3492 என்று கேட்டால், ஒரு மைல் ஓட 3 நிமிடம் 49.2 விநாடி என்று மாற்றிக்கொள்வார். சரி, இலக்கத்துக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தபோது? ஆறு. பழைய ஆளாகிவிட்டார். நினைவு என்பது தண்டால் எடுத்து வளர்க்கும் தசை இல்லை. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி மாடம் கட்ட வேண்டும். பாவலருக்குத் தமிழ் யாப்பும் இலக்கியமும் ஊறிப்போயிருந்ததால்தான் அந்த நெருக்கடியில் வெண்பா வந்தது.

வல்லாரை சாப்பிட்டால்?

துவையல் அருமையாக இருக்கும். பரீட்சை மதிப்பெண்ணைக் கூட்டும் என்று உறுதியாகக் காட்டிய சான்று இல்லை. இன்னொன்று, வல்லாரை வேறு, நீர்ப்பிரமி வேறு. இரண்டையுமே ‘பிராமி’ என்ற பெயரில் விற்கிறார்கள். மாத்திரை வாங்குகிறவர்கள் எது என்று பார்த்து வாங்கட்டும்.

எல்லாமே போனில் இருக்கிறதே. ஏன் நினைவில் வைக்க வேண்டும்?

இது பழைய கேள்வி. எழுத்து வந்தால் மக்கள் நினைவை இழப்பார்கள், அறிவாளி போலத் தோன்றுவார்கள், அறிவு இருக்காது என்று ஓர் எகிப்திய அரசன் சொன்னதாக சாக்ரடீஸ் கதை சொல்கிறார். அந்தக் கதை நமக்குக் கிடைத்ததே பிளேட்டோ அதை எழுதி வைத்ததால்தான். ஆகவே போனைத் திட்ட எனக்கு மனசில்லை.

ஆனால் ஒன்று. ஒரு கட்டுரையில் ‘1936 வட்டமேசை மாநாடு’ என்று வந்தால் என் பேனா அங்கே நிற்கும். வட்டமேசை மாநாடுகள் 1930-க்கும் 1932-க்கும் இடையில் நடந்தவை என்பது மண்டையில் இருப்பதால் நிற்கிறது. நின்றபின் போனில் சரிபார்ப்பேன். மண்டையில் இல்லாவிட்டால் தேடவே தோன்றாது. பக்கம் அப்படியே அச்சுக்குப் போகும். கேட்டதற்குப் போன் பதில் சொல்லும். எதைக் கேட்க வேண்டும் என்பதை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

பிறருக்குச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகப் பதியும் என்கிறார்களே?

பதியும். இதை நன்னூல் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பங்கு பிரித்து வைத்திருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருவது. பவணந்தியார் இதற்கு ஆய்வுக்கூடம் எதுவும் வைத்திருக்கவில்லை. கால், கால், அரை என்பதைத் துல்லியமான அளவாக எடுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. வரிசையைப் பாருங்கள், அது சரி.

இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் விடுதியை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் நடத்தினார். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் விடுதியிலும் அதைக் கொண்டுவந்தார். பெரிய பையன்களை வைத்தே சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை.

எங்கள் மாடியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யார் எந்தப் பாடத்தில் மட்டமோ அவர்தான் அடுத்த ஞாயிறு அதை நடத்த வேண்டும். முனகல் பலமாக இருக்கும்.

அந்த நாள் எனக்குச் சினிமா மாதிரி கண்முன் இருக்கிறது. அவ்வளவு தெளிவான நினைவு தப்பாக இருக்குமா?

இருக்கும். சாட்சி, நானே.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி. அந்தக் காலையை என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன்: முக்குக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், மேலே டிவியில் அலை வந்து படகுகளைத் தூக்கிப் போட்டது, கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். பத்து வருடம் இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அப்புறம் ஒரு நாள் பரண் ஒழிக்கும்போது அந்த வருடத்து டைரி கிடைத்தது. என் கையெழுத்து, நீல மை: “காலை 11. அக்கா நாகர்கோவிலிலிருந்து போன். கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம். நான் நம்பவில்லை. வண்டி கழுவினேன்.” டீக்கடை கிடையாது, டிவி கிடையாது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ பார்த்த படத்தை எடுத்து என் மூளை முதல் நாளில் ஒட்டியிருக்கிறது. இதில் கொடுமை, டைரியைப் படித்த பிறகும் அக்காவின் போன் எனக்கு நினைவு வரவில்லை. டீக்கடைதான் இன்னும் தெரிகிறது, நீராவி உட்பட. நம்பவில்லை என்று எழுதிவிட்டு வண்டி கழுவப் போனதை மறக்க ஏதோ ஒன்று எனக்கு உதவியிருக்கிறது போல.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் வெடித்தது. மறுநாள் காலை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் மாணவர்களிடம் தாளைக் கொடுத்து, செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார். இரண்டரை வருடத்துக்கு மேல் கழித்து, அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழைய தாளோடு ஒத்துவரவில்லை. தப்பாகச் சொன்னவர்களில் பலர் உறுதியாகவும் சொன்னார்கள். அவர்களுடைய கையெழுத்தையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

கேட்கிற விதமே நினைவை வளைத்துவிடும். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் ஒரே கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, ஒரு கூட்டத்திடம் கார்கள் ‘தொட்டபோது’ என்ன வேகம் என்றார்கள், இன்னொரு கூட்டத்திடம் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்றார்கள். முதல் கூட்டம் சராசரியாக மணிக்கு 31.8 மைல் என்றது, இரண்டாவது 40-க்கும் மேல். படம் ஒன்றுதான். தெருவில் நடந்த சண்டையை நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் நாலு பேரும் பொய்யர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

எனக்கு எது தெரியாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெரியாதது தெரிந்தால்தானே படிப்பேன்.

மாடியில் நான் அடிக்கடி கேட்பது: பிரஷர் குக்கர் எப்படி வேலை செய்கிறது, பத்துக்கு எவ்வளவு தெரியும்? எல்லாரும் எட்டு, ஒன்பது போடுவார்கள். சரி, எழுதுங்கள் என்பேன். “ஆவி வெளியே போகாது, அதனால் சீக்கிரம் வேகும்.” பேனா நின்றுவிடும். ஆவி வெளியே போகாவிட்டால் ஏன் சீக்கிரம் வேக வேண்டும்? மூடி போட்ட சட்டியிலும் ஆவி ஓரளவு அடைபடுகிறதே?

விஷயம் இதுதான். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. மிச்சச் சூடு ஆவியாகப் போய்விடும். குக்கரில் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஏறுகிறது, சுமார் 120 வரை. அந்தக் கூடுதல் 20 டிகிரியில்தான் பருப்பு குழைகிறது. எவ்வளவு அழுத்தம் வரை ஏறலாம் என்பதை மேலே இருக்கும் வெயிட்டின் எடை தீர்மானிக்கிறது. தாண்டினால் தூக்கிக்கொண்டு விசில். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் சுமார் 93-லேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாமல் அடம் பிடிக்கும்.

இதைச் சொன்னபின் மறுபடி மதிப்பெண் போடச் சொன்னால், முதலில் எட்டு, ஒன்பது போட்டவர்களே நாலு என்கிறார்கள். ரோசன்பிளிட், கெய்ல் என்ற இருவர் 2002-இல் ஜிப், பூட்டு போன்ற சாமான்களை வைத்து இதே வேலையைச் செய்தார்கள். விளக்கச் சொன்னதும் எல்லாருடைய மதிப்பெண்ணும் இறங்கியது. பொருள் கையில் இருப்பதையும், அதைப் பயன்படுத்தத் தெரிவதையும், அது இயங்கும் விதம் தெரிவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். தினம் மூன்று விசில் எண்ணுகிறவருக்கும் இது நடக்கும், எனக்கும் நடந்தது.

ஆக, வழி என்னவென்றால் ‘ஏன்’ என்று இரண்டு முறை கேட்டு எழுதுங்கள். பேனா நிற்கும் இடத்தில் ஒரு சுழி போட்டு வையுங்கள். என் நோட்டில் பின்னட்டையிலிருந்து முன்னோக்கி அந்தச் சுழிகளின் பட்டியல் வளர்ந்துகொண்டே வருகிறது. முன்னாலிருந்து வரும் குறிப்புகளை அது பாதியில் சந்தித்தால் அடுத்த நோட்டு வாங்குவேன்.

என்னிடம் பதினெட்டு நோட்டு இருக்கிறது. எழுதியபின் திறந்ததே இல்லை.

ஏட்டுச் சுரைக்காய். நிக்லாஸ் லூமன் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் (1927–1998) சுமார் 90,000 சீட்டுகள் எழுதி மரப்பெட்டிகளில் அடுக்கியிருந்தார். எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். புதுச் சீட்டு ஒன்றை உள்ளே வைக்கும்போது, அது எந்தப் பழைய சீட்டோடு பேசும் என்று தேடி எண் போட்டு வைப்பார். அதாவது எழுதும் ஒவ்வொரு முறையும் பழசைத் திறந்தாக வேண்டும். உங்கள் பதினெட்டில் ஒன்றை எடுத்து, தலைப்புகளை மட்டும் வாசித்துவிட்டு மூடி, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். வராதவற்றைச் சீட்டாக்குங்கள். மீதியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாலும் பாவமில்லை.

அப்பாவுக்கு எழுபது வயது. பெயர்கள் மறக்கின்றன. பயப்பட வேண்டுமா?

பெயர் தொண்டை வரை வந்து நின்று, அரை மணி கழித்துத் தானாக வந்தால் அது வயதோடு வருவது. பழகின தெருவில் வழி தவறுவது, கேட்டதையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்பது, வரவு செலவு பார்க்கத் திணறுவது என்றால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நூலக மாடியில் கேட்காதீர்கள்.

தேர்வுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, இப்போது என்ன செய்ய?

புதுப் பாடம் எதையும் தொடாதீர்கள். முதல் அறைச் சீட்டுகளை மட்டும் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை பாருங்கள். இரவு தூங்குங்கள். 1924-லேயே இரண்டு மாணவர்களை வைத்து அமெரிக்காவில் பார்த்தார்கள்: படித்துவிட்டு விழித்திருந்ததைவிடப் படித்துவிட்டுத் தூங்கியபோது மறதி குறைவாக இருந்தது. பின்னால் வந்த எத்தனையோ ஆய்வுகளும் அந்தப் பக்கமே நிற்கின்றன. விடியவிடியப் படிக்கிறவன் கடனுக்கு வட்டி கட்டுகிறான்.

அப்புறம், ஹால் டிக்கெட்டை இன்றே அச்செடுத்து, தேர்வு மையத்தின் முகவரியை வேறு யாரையாவது உரக்க வாசிக்கச் சொல்லி நீங்கள் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பள்ளிக்கூடம் இருக்கும் ஊர்கள் உண்டு. போன வருடம் எங்கள் பையன் ஒருவன் நாலு முறை படித்துவிட்டுத்தான் தப்பான பள்ளிக்கூடத்துக்குப் போனான்.